கோணமடைக்காரர்கள் ஆவுடையைக் கைமாற்றியது

விளையாட்டு வீரர்களைக் கொடுத்து வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது என்று பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். அதைப் படிக்கிறவர்களும் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. அவ்வழக்கம் தோன்றிய இடம் கோணமடை மாட்டுச் சந்தை. தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, ஒரு வெள்ளிக்கிழமை காலை. கொடுக்கப்பட்டவன் பெயர் ஆவுடையப்பன்.

கோணமடை கூடைப்பந்து அணியில் அவன்தான் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய் ஆட்டத்தை நடத்துகிறவன் என்று பொருள். பத்தொன்பது வயது, குட்டை உருவம், நிற்காத கால். எட்டாத இடத்திலிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும். அணியில் மற்றவர்கள் கேப்டன் தவசிக்கனி, சுயம்பு, சுயம்பு சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் அவன் தம்பி, பிறகு ஐகோர்ட்ராஜா. இவர்கள் பந்தைத் தூக்கி வந்தார்கள் என்பதோடு வரலாறு நிறுத்திக்கொள்கிறது.

பயிற்சி கொடுத்தவர் மரியதாஸ் சார். எதிராளியை விட்டு நகராதே என்று ஒருமுறை சுயம்புவிடம் சொன்னார். ஆட்டம் முடிந்த பிறகும் சுயம்பு அந்த எதிராளியோடு பேருந்தேறி, அவன் வீட்டில் சாப்பிட்டு, அவனுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நில் என்று ஐகோர்ட்ராஜாவிடம் சொன்னார். அன்று அவனுக்கு இட்லியை ஊட்டிவிட வேண்டியதாயிற்று. சார் மாற்றலாகிப் போகும்போது, சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கட்டளையை மட்டும் விட்டுப் போனார்.

“பந்து கையில் கிடைத்தால் யோசிக்காதீர்கள். ஆவுடையிடம் கொடுங்கள். அவன் எங்கே இருந்தாலும் சரி.”

முதல் பகுதியைக் கடைப்பிடிப்பதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

சார் போன பிறகு அணியை நிர்வகிக்க வந்தவர் மாட்டுத் தரகர் வீரபாகு. உயிருள்ள எதையும் பல்லைப் பார்த்து மதிப்பிடத் தெரிந்தவர் என்பதே அவருடைய தகுதி.

மேலச்சத்திரத்தோடு வருஷா வருஷம் நடக்கும் கோயில் கொடை விழா ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த ஊர் அணியின் தலைவர், ரைஸ்மில் திரவியம், சந்தைக்கே வந்துவிட்டார். பின்னால் அந்த அணியின் எசக்கிமுத்து நின்றான். ஆறரை அடி. மின்கம்பிக்குக் கீழே நடக்கும்போது குனிந்தே பழகியவன்.

“இவனை வச்சுக்கிடுங்க. ஆவுடையைக் குடுங்க,” என்றார் திரவியம்.

ஆவுடை மனசுக்குள் கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கத் துறைமுக அணியின் அதிகாரி வருகிறார். ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அணியில் இடமும் துறைமுகத்தில் வேலையும் தருவதாகப் பேச்சு. இங்கே இருந்தால் அணி தோற்றாலும் பந்து அவன் கையில் இருக்கும். நாலு பேர் பார்ப்பார்கள். மேலச்சத்திரத்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொள்வார்களே தவிர, புதியவனுக்குப் பந்தின் நிழலைக்கூடக் காட்டமாட்டார்கள்.

“அண்ணாச்சி, என்னய அனுப்பிராதீய,” என்று வீரபாகுவின் கையைப் பிடித்துக்கொண்டான். “ஆபீசர் வாராரு. அங்க போனா என்னய பெஞ்சுலல்லா உக்கார வச்சிருவாவ.”

வீரபாகு யோசித்தார். திரவியத்தைப் பார்த்து, “பெஞ்சு என்ன மரம்வே?” என்றார்.

“தேக்கு.”

“பொறவு என்னடே உனக்கு?” என்றார் ஆவுடையிடம்.

ஆனாலும் அவர் அவசரக்காரர் அல்லர். அணியைக் கூட்டி, தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, முறைப்படி ஆலோசனை நடத்தினார்.

“ஆவுடை அஞ்சடி நாலு அங்குலம்,” என்றான் தவசிக்கனி. “அவன் ஆறரை அடி. குடுக்குததை விட வாங்குதது கூட. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“நீளம் சரி,” என்றான் ஐகோர்ட்ராஜா. “அகலம் பாத்தியளா?”

துண்டால் அளந்தார்கள். அகலத்திலும் எசக்கிமுத்துவே மிகுதி.

சுயம்பு மட்டும் முகத்தைச் சுளித்தான். “எல்லாஞ் சரிதான். ஆவுடையைக் குடுத்துட்டா, பந்தை வளையத்துல போடுததுக்கு ஆளு?”

எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“அதுக்குத்தான் ஆவுடை இருக்கான்லா,” என்றான் தவசிக்கனி.

“அவன் மேலச்சத்திரத்துலல்லா இருப்பான்?”

“ஏலே கூறுகெட்டவனே, ஆட்டத்தன்னைக்கு மேலச்சத்திரம் எங்க நிக்கும்? நமக்கு எதுத்தாப்புல. கூப்பிடு தூரம். ஓடியா போயிருவான்?”

சுயம்பு ஒப்புக்கொண்டான். தம்பி தலையாட்டினான்.

பிறகு சந்தை முறைப்படி எல்லாம் நடந்தது. வீரபாகு எசக்கிமுத்துவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். கொஞ்ச தூரம் நடக்கவிட்டுத் திரும்ப அழைத்தார். ஸ்டூலில் ஏறி உச்சந்தலையில் சுழி பார்த்தார். திருப்தி. இரண்டு தலைவர்களும் கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசினார்கள். பணம் கைமாறாத வியாபாரத்தில் விரலுக்கு என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியாது. வீரபாகு மூன்று விரலைப் பிடித்தார். திரவியம் இரண்டைப் பிடித்தார். நீண்ட இழுபறிக்குப் பிறகு இருவரும் தலையசைத்தார்கள்.

மாட்டை விற்றாலும் அதன் கயிற்றைக் கொடுத்தனுப்புவது கோணமடையில் வழக்கமில்லை. தொழுவத்தின் ராசி கயிற்றோடு போய்விடும். ஆகவே ஆவுடையின் ஏழாம் எண் பனியனைச் சந்தையிலேயே கழற்றி வைத்துக்கொண்டார்கள். அவன் வெற்று மார்போடு திரவியத்தின் வண்டியில் ஏறினான். வீரபாகு கண்கலங்கி, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “போ, போ,” என்றார்.

எசக்கிமுத்துவுக்கு நெற்றியில் குங்குமம் வைத்துப் பருத்திப்பால் கொடுத்தார்கள். வாங்கி வந்த உருப்படி புது மண்ணில் கால் பழகும்வரை அதை ஓடவிடக் கூடாது என்பது வீரபாகுவின் அனுபவம். ஞாயிற்றுக்கிழமை, விலா வரைக்கும் மட்டுமே எட்டிய ஏழாம் எண் பனியனோடு எசக்கிமுத்து வளையத்தின் கீழ் நிறுத்தப்பட்டான். நின்றான்.

ஆவுடை பயந்தது போலவே தொடங்கியது. திரவியம் பெருமைக்காக அவனை முதலிலேயே இறக்கிவிட்டார். மற்ற நால்வரும் அவன் தலைக்கு மேலே பந்தைத் தட்டிக்கொண்டார்கள். வெறுங்கையோடு மேலும் கீழும் ஓடினான். முன்வரிசையில் துறைமுக அதிகாரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆரஞ்சையும் எடுத்தார்.

அப்போது மேலச்சத்திரம் எறிந்த பந்து ஒன்று வளையத்தில் பட்டுத் தெறித்துத் தவசிக்கனியின் கையில் வந்து விழுந்தது. அவன் யோசிக்கவில்லை. சுற்றிலும் பார்த்து, ஆவுடை நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அழகாக வீசினான்.

“அண்ணே! நான் இப்ப அந்தப் பக்கம்ணே!” என்று ஆவுடை பதறினான்.

“எந்தப் பக்கமா இருந்தா என்னலே? போடு!”

போட்டான். விழுந்தது.

கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. பந்து யாருடைய வளையத்தில் விழுந்ததோ அவர்களே அதை மறுபடி ஆடத் தொடங்க வேண்டும். விழுந்தது கோணமடை வளையத்தில். பந்து கோணமடைக்கே வந்தது. சுயம்பு எடுத்தான், ஆவுடையிடம் கொடுத்தான். விழுந்தது. மறுபடி கோணமடைக்கு வந்தது. ஐகோர்ட்ராஜா எடுத்தான். ஆவுடை வளையத்தை விட்டு விலகி ஓடிப் பார்த்தான். களத்தின் மூலைக்குப் போனான், நடுவுக்குப் போனான். அங்கேயெல்லாம் பந்து அவனைத் தேடி வந்தது. அதிகாரி ஆரஞ்சைக் கீழே வைத்தார்.

மேலச்சத்திரத்தின் மற்ற நால்வரும் நடுவரிடம் ஓடினார்கள். “சார், எதிராளி எங்க ஆளுக்கே பந்தைக் குடுக்கான்!”

“அதுல உங்களுக்கு என்னப்பா நஷ்டம்?” என்றார் நடுவர்.



இடைவேளையில் கோணமடைக்காரர்கள் கூடி நின்று பலகையைப் பார்த்தார்கள். மேலச்சத்திரம் அறுபத்திரண்டு, தாங்கள் பூஜ்யம்.

“நல்லாத்தான ஆடுதோம்?” என்றான் தவசிக்கனி.

“ஒரு பாஸ்கூடத் தப்பலையே.”

“போட்டது அம்புட்டும் விழுந்துட்டே.”

நெடுநேரம் ஆராய்ந்து, பலகையில் எழுதுகிறவன் இடம் மாற்றி எழுதுகிறான் என்று கண்டுபிடித்தார்கள். வீரபாகு போய் அவனைச் சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

ஆவுடை அவரிடம் வந்து நின்றான். “அண்ணாச்சி, நீங்க தோத்துருவிய. எனக்குக் குடுக்காண்டாம்னு சொல்லுங்க.”

“அது எப்படிடே முடியும்? சார் சொல்லிட்டுப் போயிருக்காரு. சார் வந்து மாத்திச் சொல்லட்டும்.” துண்டை எடுத்து அவன் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். “அங்க வேளாவேளைக்குச் சாப்பாடு போடுதாவளா?”

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி களத்துக்குள்ளேயே வந்து ஆவுடையின் தோளைப் பிடித்துக்கொண்டார். “எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன் தம்பி. எதிராளி பந்து எங்கே வரும்னு இப்படி முன்கூட்டியே தெரிஞ்சு நிக்கிற ஆளைப் பார்த்ததில்லை,” என்றார். முதல் தேதியே வேலையில் சேரச் சொன்னார்.

கோணமடைக்காரர்கள் ஆவுடையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். ஜெயித்தவர்கள் தாங்கள் என்று சொல்லித் திரவியத்தின் ஆட்கள் கூடவே நடந்து வந்தார்கள். எசக்கிமுத்துவை அன்று யாரும் நகரச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வீரபாகு பருத்திப்பாலோடு போனபோது அவன் வளையத்தின் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் கொடை விழா வந்தது. கால் பழகிவிட்ட எசக்கிமுத்து, நடுவர் எறிந்த முதல் பந்தை எம்பித் தட்டித் தவசிக்கனியிடம் கொடுத்தான். தவசிக்கனி யோசிக்கவில்லை. எதிரணியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

“ஆவுடை எங்கலே?”

“தூத்துக்குடில,” என்றான் சுயம்பு. “இன்னைக்கு லீவு கிடைக்கலையாம்.”

தவசிக்கனி பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி, கூட்டத்தை விலக்கி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி வண்டி புறப்படத் தயாராக நின்றது.

கண்டக்டர் பந்துக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.