சுடாத பாறை

மலையடிவாரக் காட்டில் தவ்வான் என்றொரு குரங்கு இருந்தது. கோடை வந்துவிட்டால் அதற்குப் பெரிய உத்தியோகம்! நடுப்பகலில் மொட்டைப் பாறையில் போய் உட்கார வேண்டும். எவ்வளவு சீக்கிரம் "ஐயோ!" என்று துள்ளி எழுகிறதோ, அவ்வளவு வெயில் என்று காடே முடிவுகட்டும். வெயிலை அளக்க வேறு நல்ல வழியே இல்லையா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் நாளுக்கு நாள் சூடு ஏறியது.

"இப்படியே போனால் காடு தீப்பிடிக்கும். ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடுவோம்" என்றது ஊசியார் என்ற முள்ளம்பன்றி.

இதைக் கேட்டுச் செவலை என்ற மான் தன் குட்டியைக் கவலையோடு பார்த்தது. அதற்கு இன்னும் சரியாக நடக்கவே வரவில்லை.

திடீரென்று ஒருநாள் சூடு ஏறுவது நின்று, தணியவும் தொடங்கியது. வானம் மங்கலாக இருந்தது. மேகம் போலும் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். தவ்வான் பாறையில் சப்பணமிட்டு அத்திப்பழம் தின்றது.

"பார்த்தீர்களா! சுடவே இல்லை! ஊசியார் காட்டியது வெறும் பூச்சாண்டி!"

"ஏன் சுடவில்லை?" என்றது முள்ளம்பன்றி.

"சுடவில்லை என்றால் சந்தோஷப்படுமய்யா! உமக்கு ஏன் வயிறு எரிகிறது?"

"நான் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அத்தனை வெயிலும் எங்கே போனது? எனக்குத் தெரியவில்லையே!"

"தெரியாதாம்! இவர் பேச்சைக் கேட்டு நாம் மூட்டை கட்ட வேண்டுமாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். மான் மட்டும் சிரிக்கவில்லை.

"தவ்வாண்ணே, நான் குட்டிக்காரி. இருப்பதா, போவதா? மரத்தில் ஏறி நாலு பக்கமும் பார்த்துச் சொல்லுங்கள்!"

"இதோ! ஊசியார் வாயை இன்றோடு அடைக்கிறேன்!"

குரங்கு இலவமரத்தின் உச்சிக்கு ஏறியது. ஏறிய வேகத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கியது.

"தீ! மலைக்குப் பின்னால் தீ! அந்தப் புகைதான் வெயிலை மறைக்கிறது! அதைப் போய் மேகம் என்று நினைத்தோமே! ஓடுங்கள்!"

நல்லவேளை, தீ இன்னும் மலையைத் தாண்டவில்லை. மான்குட்டி தத்தித் தத்தி நடந்தது. ஆற்றில் அது கால் இடறியபோது தவ்வான்தான் பாய்ந்து தாங்கிப் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் அக்கரை சேர்ந்தார்கள். குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. செவலைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அப்பாடா! பிழைத்தோம்!" என்றது அது.

"ஊசியாரே, உம்மைக் கேலி செய்தேன். மன்னித்துவிடும்" என்றது குரங்கு.

"ஏறிப் பார்த்தது நீதானே! விடு. ஆனால் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துவிடாதே!"

வந்துகொண்டிருந்த ஆபத்து சற்றே நின்றால், அது தீர்ந்துவிட்டது என்று ஆடாமல், ஏன் நின்றது என்று தேடிப் பார்ப்பதே அறிவு.