மாம்பூவுக்குத் தூரிகை பிடித்தவர்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் கோளரிமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குப் பட்டங்கள் பதினேழு; பதினாறுதான் என்று வாதிடும் புலவர்களும் உண்டு. மாம்பழம் என்றால் அவனுக்கு உயிர் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஒருநாள் அவையில் வித்தகசிங்கர் என்ற பிரபு, "அரசே, வாகையும் புங்கையும் பூவைக் கொட்டித் தங்கள் நடைபாதையைக் குப்பையாக்குகின்றன" என்றார். தோட்டக்காரி செம்பாயி மன்றாடியும் மரங்கள் வீழ்ந்தன. கடல் கடந்து வந்த செடிகளை நட்டார்கள். பூ தட்டகலம், தேன் ஒரு துளி இல்லை.

அதன்பின் இரண்டு ஆண்டும் தோட்டத்து மாமரங்கள் பூத்தன, காய்க்கவில்லை. மூன்றாம் முறை பூத்தபோது வித்தகசிங்கர், "இந்தச் செம்பாயி மரங்களைக் கவனிப்பதே இல்லை" என்றார்.

"இந்தப் பூவும் காயாகாவிட்டால் இவள் தலை போகும்" என்றான் அரசன்.

அமைச்சர் நல்லுடையார் எழுந்தார். "இவளிடம் வேலையாட்கள் இல்லை, அரசே. பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்தவர்கள் தேனீக்கள். மாம்பூ ஒரு மாதம்தான். மற்ற நாளெல்லாம் வாகையும் புங்கையும் அவர்களுக்குச் சோறு போட்டன. பட்டினியில் போய்விட்டார்கள்."

"ஈ செய்கிற வேலைதானே" என்று சிரித்தார் வித்தகசிங்கர்.

"அப்படியானால் ஐயாவே ஒரு மரத்துப் பூவுக்கெல்லாம் மகரந்தம் தடவி நாளைப் பொழுது சாய்வதற்குள் முடிக்கட்டும். முடித்தால் செம்பாயி தலையோடு என் தலையும் தருகிறேன்."

அரசனுக்குப் பந்தயம் பிடிக்கும்.

மறுநாள் அணில்வால் தூரிகையோடு வித்தகசிங்கர் ஏணியில் நின்றார். செம்பாயி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, அந்தக் கொத்திலேயே இன்னும் எண்ணூறு பூ இருக்குங்க." மதியம் தலைப்பாகை விழுந்தது. மாலையில் அரைக் கிளை முடிந்திருந்தது. இறங்கி வந்து, "என்னால் ஆகாது" என்றார்.

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான். "சிங்கரே, வெட்டிய மரங்களுக்குப் பதில் கன்று நட்டு, பூக்கும்வரை நீரே தண்ணீர் ஊற்றும். செம்பாயி, உன் தலை உனக்கே. வேறென்ன வேண்டும்?"

"வெட்டின வாகையைத் திருப்பிக் கொடுங்க, மகாராஜா."

அரசனின் சிரிப்பு நின்றது. "கன்று எப்போது பூக்கும்?"

"அஞ்சாறு வருசம் ஆகும்."

"தேனீ வருமா?"

"எங்கேயாவது மிச்சம் இருந்தா வரும்."

வென்ற அமைச்சர் தரையைப் பார்த்தார்.

அந்த அரைக் கிளையில் மூன்று பழம் பழுத்தது. அரசன் தொடவில்லை. அதன்பின் பூக்காலம்தோறும் விடியலில் மாமரத்தடிக்கு வருவான். அவையோரைப் பேசாதிருக்கச் சொல்வான். காது கொடுத்து நிற்பான். பதினேழு பட்டங்களும் கூடவே நிற்கும். ஒரு ரீங்காரம்கூடக் கேட்காது.