தப்பு இருந்தால் கொளுத்து

"தப்புங்கிற வார்த்தை எதுல இருந்தாலும் கொளுத்துடா!" சோதனைக்கு வந்த நீதிபதி முன்னால் ஜெயிலர் கத்தினார். முந்தின வாரம்தான் ஒரு கைதி சுவரேறித் தப்பியிருந்தான். அந்த வார்த்தையைப் படித்தாலே மற்றவனுக்கும் புத்தி அப்படிப் போகுமாம்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கைதி மாசிலாமணி கையில், அந்த வார்த்தை பல பக்கங்களில் வரும் சட்டப் புத்தகம். தூக்குத் தண்டனைக் கைதி இருளப்பன் அதைப் பார்த்துத்தான் அப்பீல் எழுதிக்கொண்டிருந்தான். அது எரிந்தால் அவன் கதை முடிந்தது.

"சரிங்கய்யா. அப்ப வாசல்ல நீங்க மாட்டின 'தப்பு செய்யாதே' பலகையிலேர்ந்து ஆரம்பிக்கவா?" என்றான் மாசிலாமணி.

நீதிபதி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் காரேறிப் போய்விட்டார்.

அப்புறம் லத்தி பேசியது. பல் தெறித்தது. "இப்பக் கொளுத்துடா நாயே!" ஜெயிலர் தீப்பெட்டியை அவன் கையில் திணித்தார்.

விடியும்வரை அடித்தார்கள். மாசிலாமணி ஒரு குச்சிகூட உரசவில்லை.