மூடி போட்டு எடுத்த படம்

சிஷ்யருக்கு அறுபத்தொரு வயது, குருவுக்கு முப்பத்திரண்டு. மாசிலாமணி ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். நிலோஃபர் ஏலகிரி மலையில் தொலைநோக்கி வைத்து, நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களைப் படம் எடுப்பவள்.

அன்று காலை மாசிலாமணி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். கையில் கேமராவும் லேப்டாப்பும்.

“மேடம், ஓரியன் மேகத்துக்குள்ள புதுசா ஒரு நட்சத்திரம். செவப்பா இருக்கு. எந்த வரைபடத்துலயும் இல்ல. ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம்னு நாப்பது படம் எடுத்தேன், நாப்பதுலயும் அதே இடம்.”

நிலோஃபர் பார்த்தாள்.

“பேரு கூட வச்சாச்சு. வினோதினி.”

வினோதினி அவருடைய ஒரே மகள். இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

“கேமராவுக்கு மூடி போட்டு ஒரு படம் எடுங்க சார்.”

“மூடி போட்டா?”

“ஆமா. அதே அஞ்சு நிமிஷம்.”

மேலிடம் சொன்னால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எடுத்தார். திரையில் கும்மிருட்டு. அதற்குள் அந்தச் சிவப்புப் புள்ளி.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார்.

“பட்டப்பகல்ல, மூடியத் தாண்டியா தெரியுது?”

“இல்ல சார். உங்க கேமராவுக்குள்ளயே இருக்கு. சென்சார்ல ஒரு புள்ளி பழுது. அதுக்குத்தான் மூடி போட்டும் ஒரு படம் எடுக்கறது. இதுல இருக்கறத வானத்துப் படத்துலேருந்து கழிச்சா, மிச்சம்தான் வானம்.”

“அப்போ நான் பாத்தது?”

“பாத்தீங்க. ஆனா வானத்துல இல்ல.”

மாசிலாமணி உட்கார்ந்துவிட்டார்.

“நேத்து ராத்திரியே வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன் மேடம். ரெண்டு வருஷமா வாசப்படி தாண்டாதவ, வெளிய வந்து எந்தப் பக்கம்னு கேட்டா. கழிச்சா அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? கழிக்கலேன்னா பொய்சாட்சி. என்ன பண்றதுன்னே தெரியல.”

நிலோஃபர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“வானத்துப் படத்துல கழிச்சிடுங்க. மூடி போட்டு எடுத்தத வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“அந்த இருட்டையா?”

“அதுல உங்க பொண்ணு மட்டும்தான் சார் இருக்கா.”