அம்மனுக்கு முன்னே சென்ற கார்

ஜவுளிக்கடை முதலாளி திருவேங்கடம், இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய பந்தயக் காரொன்றை வாங்கி, மெக்கானிக் எவரையும் அண்டவிடாமல் தாமே பிரித்துப் பூட்டினார். வண்டி உயிர் பெற்றது; ஆனால் ரிவர்ஸ் கியர் ஒன்றுதான் விழுந்தது. மறுநாள் மாரியம்மன் ஊர்வலத்திற்கு முன்னால் அதில் பவனி வரப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“நீதான் ஓட்டணும். ஊர்வலத்துல ஒருத்தன் சிரிச்சாலும் உனக்கு வேலை இல்ல” என்றார், டிரைவர் இருளாண்டியிடம்.

“ஆகட்டும் முதலாளி.”

மறுநாள் இருளாண்டி காரின் முகப்பை அம்மன் சப்பரத்தை நோக்கித் திருப்பி நிறுத்தினான். முதலாளியைக் கைகூப்பி உட்காரச் சொல்லி, மெல்லப் பின்னோக்கி ஓட்டினான். சிரிக்க வாயெடுத்தவர்களிடம், “அம்மனுக்கு முதுகு காட்டலாமாண்ணே?” என்றான். நான்கு வீதியிலும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கோயில் வாசலில் தர்மகர்த்தா மெய்சிலிர்த்து நின்றார். “இது யாரோட யோசனை?”

“என்னோடதுதான். இவனுக்கு என்ன தெரியும்?” என்றார் திருவேங்கடம்.

அம்மன் உள்ளே எழுந்தருளியதும், “இனிமே வண்டியைத் திருப்பி நேரா ஓட்டிட்டுப் போகலாமே” என்றார் தர்மகர்த்தா.

முதலாளி இருளாண்டியைப் பார்த்தார்.

“யோசனை முதலாளியோடது. அவரையே கேளுங்கய்யா” என்றான் அவன்.

திருவேங்கடம், “எனக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல்” என்று முனகினார்.

கார் வீடு வரைக்கும் பின்னோக்கியே போயிற்று, தெருவே சிரித்தது. ஊர்வலந்தான் முடிந்துவிட்டதே, இருளாண்டியின் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.