செங்கோடன் உளியைக் கீழே போட்ட கதை

பறவைகளெல்லாம் நம்மைப்போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மரங்கொத்தி மரத்தைக் கொத்தாது. அதற்கும் உளிதான். செங்கோடன் என்றொரு மரங்கொத்தி, தான் குடியிருந்த வாகை மரத்தடியிலேயே பட்டறை போட்டிருந்தான். கூலிக்கு இல்லை. சொந்தபந்தம், சிநேகிதம் என்று யார் வந்து கேட்டாலும் ஆசை ஆசையாய்ச் செய்து கொடுப்பான். கொக்குக்கு உயரமான முக்காலி, அணிலுக்கு ஊஞ்சல், மைத்துனன் வீட்டுக்குக் கட்டில். அளவே எடுக்கமாட்டான் மகராசன்! ஆளை ஒரு பார்வை பார்ப்பான், சாமான் கச்சிதமாய் வந்து நிற்கும்.

அவன் மனைவி பொன்னுத்தாய் மட்டும் வெறும் கிளையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, முட்டை வெக்கற நாள் நெருங்கிருச்சு. மேற்கே மேகம் வேற கட்டுது. நமக்கு ஒரு பொந்து குடைஞ்சு தாங்க.”

“இதோ, ஆந்தை அண்ணன் குடியிருக்கப் பெட்டி கேட்டார், அதை முடிச்சுட்டு வந்தர்றேன் பொன்னு.”

பெட்டி முடிய நாலு நாளாயிற்று. அப்புறம்தான் உளியோடு மரமேறினான். மளமளவென்று குடைந்து முடித்து, பெருமையாய் அவளைக் கூப்பிட்டான்.

பொன்னுத்தாய் வந்து பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

“வாசல் இத்தனை அகலமா? சாரலடிக்கும், பாம்பு நுழையும். இது ஆந்தை அண்ணன் அளவுங்க. உங்க கைக்கு ஊரே ஞாபகம் இருக்குது. நான்தான் இல்லை.”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செங்கோடனுக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நிசம்தானே! ஊராரையெல்லாம் அளந்த கண், ஒருநாளாவது அவளை அளந்திருக்கிறதா? வெட்கத்தில் உளியைத் தூக்கிக் கீழே போட்டான்.

“இது பழகின அளவைத்தான் வெட்டும் பொன்னு. நம்ம அளவு என் உடம்புக்குத்தான் தெரியும்.”

பக்கத்துக் கிளையில் அலகாலேயே ஓங்கிக் கொத்தினான். தலை கிறுகிறுத்தது.

“ஐயோ, மண்டை உடைஞ்சிருமுங்க!”

“உடைஞ்சா உடையட்டும்.”

கொத்துவான், விலகுவான். அவள் உள்ளே போய்ப் பார்ப்பாள். வாசலில் தலையைச் சாய்த்து, “போதுமா பொன்னு?” என்பான். “இன்னுங் கொஞ்சம்” என்று உள்ளேயிருந்து குரல் வரும். மறுபடி கொத்துவான். அவனுக்குக் கழுத்து விட்டுப்போயிற்று, ஆனாலும் நிறுத்தவில்லை.

முதல் மழைத்துளி அவன் முதுகில் விழுந்தபோது, உள்ளே போனவள் வெளியே வரவில்லை. மழை வலுத்தது.

“போதுமா பொன்னு?”

“போதுமுங்க. முட்டை வெச்சுட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரலை.”

அகல வாசல் பொந்தில் நனைந்து வந்த மைனா குடும்பம் புகுந்துகொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மழை நாள் தொட்டுத்தான் மரங்கொத்தி உளியைத் தொடுவதில்லை. நாலு கொத்து கொத்திவிட்டு, அது தலையைச் சாய்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புழு தேடுகிறது என்பார்கள். அட, அதெல்லாம் இல்லை. போதுமா என்று பொன்னுத்தாயைக் கேட்கிறான்.