கலயத்தின் அடியில் கிடந்தது

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சபை. அங்கே செபம் பண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் ஞானவடிவு அக்காவிடம் போவார்கள்.

அக்காவுக்குப் பெரிய வயது ஒன்றும் கிடையாது. போதகம் பண்ணவும் வராது. யார் போய் நின்றாலும் கழுத்து குறுகின மண்கலயம் ஒன்றைக் கையில் கொடுப்பாள்.

"உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி இதுல போடு. ஆண்டவரேன்னு ஒரு வார்த்த சொல்லு. ஞாயித்துக்கிழம கொண்டா."

பாடம் அவ்வளவுதான். சேருகிற அரிசி, முடியாதவர்கள் வீட்டுக்குப் போகும்.

தவசீலியும் அப்படி ஒரு கலயம் வாங்கினவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, தோளில் பிள்ளையும் இடுப்பில் கலயமுமாக வந்து நின்றாள். சபைக் கோயிலின் பின்பக்கத்துப் பூவரச மரத்தடியில் அக்கா சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக் கொண்டிருந்தாள். மத்தியானக் காற்று. தூரத்தில் செம்மணல் எழும்பி, மெல்ல நடந்து போய், திரும்பவும் படுத்துக்கொண்டது.

"அக்கா, கலயத்தத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

"கீறல் விட்டுட்டா?"

"கலயம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் முடியல."

"மொதல்ல உக்காரு. ஒம் மவன் ஒன்னைய விடக் கனமா இருக்கான்."

தவசீலி உட்கார்ந்தாள். மூன்று மாதத்துப் பையன் தோளிலிருந்து மடிக்கு வந்ததுகூடத் தெரியாமல் தூங்கினான்.

"கல்யாணமாகி நாலு வருசம் புள்ள இல்லாம இருந்தேன். உங்களுக்குத் தெரியும். தெனமும் விடியக்காலம் ஒரு மணி நேரம் முழங்கால்ல நின்னு கேட்டேன். குடுத்தாரு. வாங்கினதும் வாய மூடிட்டேங்கா."

"ஏன், என்ன செய்யுது?"

"முழங்கால் போட்டாத் தூக்கம் சரிச்சிருது. கர்த்தருடைய செபத்தத் தொடங்குவேன், பாதியில எங்கயோ போயிருவேன். முழிச்சுப் பாத்தா இவன் அழுதுகிட்டுக் கெடப்பான்."

"கலயம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த வாரம் பூரா மறந்தே போச்சு. நேத்துச் சாயங்காலந்தான் ஞாபகம் வந்துது. ஏழு பிடியையும் ஒரேயடியா அள்ளிப் போட்டுட்டேன். உள்ள குனிஞ்சு பாக்கக்கூட வெக்கமா இருந்துச்சு."

"ஆண்டவரேன்னு சொன்னியா?"

"ஏழு தடவ சொன்னேன்."

"பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்."

தவசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் கை வைத்தாள். மெத்தென்று துடித்துக்கொண்டிருந்தது.

"கேட்டு வாங்கிட்டு மறந்துட்டாளேன்னு, இவனத் திருப்பி எடுத்துக்கிடுவாரோன்னு பயமா இருக்குக்கா. இவன் அசந்து தூங்கினா மூக்குல வெரல வச்சுப் பாக்கேன்."

அக்கா சுளகில் இருந்த அரிசியைப் பக்கத்தில் இருந்த காணிக்கை ஓலைப்பெட்டியில் கொட்டிவிட்டு, வெறும் சுளகின் மேல் கலயத்தைச் சரித்தாள். வெள்ளை வெளேரென்று அரிசி விழுந்தது.

"புது அரிசியா?"

"நேத்துப் பிரிச்ச மூட்டைக்கா. கடை அரிசி."

அரிசி விழுகிற சத்தம் தூரத்து மழை மாதிரி இருந்தது. தவசீலிக்குக் கண் செருகியது. பூவரச இலைகள் ஒன்றோடொன்று என்னவோ பேசிக்கொள்வது போலவும், தானும் பிள்ளையும் அந்தப் பேச்சில் மிதந்து போவது போலவும் இருந்தது.

சத்தம் நின்றது. அக்கா அந்த அரிசியைச் சுளகின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கினாள். கலயத்தை முழுசாகக் கவிழ்த்து அடியில் தட்டினாள். இன்னும் அரிசி விழுந்தது. பழுப்பு அரிசி, தடித்த அரிசி. நடுவில் கறுப்புக் கறுப்பாகத் தொலி உளுந்து.

"ஏட்டி, முழிச்சுக்கோ. போன வாரம் கலயத்தத் தொடச்சுத்தான குடுத்தேன். இது யாரு போட்டது?"

தவசீலி குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரேஷன் அரிசி. வெள்ளிக்கிழம வரைக்கும் அதத்தான் பொங்கினேன்."

"உளுந்து?"

"அம்மா குடுத்து விட்டது. புள்ள பெத்தவ திங்கணும்னு. அரிசி டப்பாவுக்குப் பக்கத்துலதான் அந்த டப்பாவும் இருக்கும்."

"ஒம் மாப்பிள்ள போட்டிருப்பாரோ?"

"அவரு திருப்பூர்ல இருக்காரு. வீட்ல நானும் இவனுந்தான்."

காற்று அடங்கி இருந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று மங்கலாக வந்தது. அடுப்புப் புகை. தோளில் பிள்ளை. கண் பாதி மூடி இருக்கிறது. ஒரு கை தானாக டப்பாவுக்குப் போகிறது, கலயத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது. கனவில் யாரோ செய்ததைப் பார்த்த மாதிரி இருந்தது.

"எனக்கு ஞாபகமே இல்லக்கா."

"ஒங் கைக்கு இருந்திருக்கு."

அக்கா வெள்ளை அரிசியை அள்ளி அவள் முந்தானையில் போட்டுக் கட்டினாள்.

"இது ஏன் எனக்கு?"

"இது பயந்து போட்டது. கொண்டு போயிக் கஞ்சி வச்சுக் குடி."

பழுப்பு அரிசியை உளுந்தோடேயே காணிக்கைப் பெட்டியில் கொட்டினாள். ஒரு உளுந்துகூடப் பொறுக்கி எடுக்கவில்லை. வெறும் கலயத்தைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தவசீலி கலயத்தைத் தொடவில்லை.

"தூக்கக் கலக்கத்துல போட்டதெல்லாம் செபமாக்கா? வாயால ஒரு வார்த்தகூடச் சொல்லியிருக்க மாட்டேனே."

அக்கா அவள் மடியில் கிடந்தவனைப் பார்த்தாள். தவசீலியும் பார்த்தாள்.

பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தான். தூக்கத்திலேயே உதட்டைக் குவித்து, இல்லாத பாலை உறிஞ்சினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு எதையோ கண்டது மாதிரி லேசாகச் சிரித்தான்.

தவசீலிக்கு மார்பு கடுத்தது. பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. வெட்கப்பட்டு, கட்டின அரிசியோடு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அழுதானா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. தூங்குதான்."

"அம்மான்னு கூப்பிட்டானா?"

"மூணு மாசப் புள்ள எங்கக்கா கூப்பிடும்?"

அக்கா சுளகைத் தட்டி எழுந்தாள்.

"பின்ன எதுக்குட்டி ஒனக்குச் சுரந்துது?"